நான் தொடலை சார்: கணினி ஜன்னல் முந்திக்கொண்டு வரும் கதை



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வேலை நேரத்தில் திறந்துவிட்டவர்கள் மூடிவிட்டு, இரவு சாப்பிட்டபின் படியுங்கள். கணினி பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரிக்க வேண்டாம். ஒற்றை விரலால் தட்டுகிறவன்தான் நான். ஆனாலும் இரண்டு மாதமாக ஒரே ஒரு விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். ஏன் படித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009ஆம் ஆண்டு. நமது பள்ளியில் தலைமையாசிரியர் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது, பலருக்கு நினைவிருக்கும். அதில் மூன்று கணினிகள். ஒன்றுதான் ஒழுங்காக ஓடும். மறுநாள் காலைக்குள் மாணவர் பட்டியலை பென் டிரைவில் கொடுத்தாக வேண்டும். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி என்று நூற்று நாற்பது பிள்ளைகள். இடது கை விரலைச் சேர்க்கைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, வலது கை ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தேன். கண் பதிவேட்டில்தான் இருக்கும். திரையைப் பார்ப்பது எப்போதாவது.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடக் குறுந்தகடு ஒன்றைக் கொண்டுவந்தான். மதிய வகுப்புக்கு நான்தான் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். "போட்டு விடட்டுமா சார்?" என்று கேட்டான். சரி என்றேன். போட்டான், கிளிக் செய்தான், எதுவும் வரவில்லை. "வர நேரமாகும் சார்" என்றான். "அது வரும்போது வரட்டும், நகரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு என் பட்டியலைத் தொடர்ந்தேன். அவன் பின்னால் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நிமிர்ந்து பார்த்தபோது கணினி அணைந்து மறுபடி உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. பட்டியல் போயிற்று. இடையில் ஒருமுறைகூடச் சேமிக்காதது என் முட்டாள்தனம். மூன்று மணி நேர உழைப்பு. திரும்பிப் பார்த்தேன், அறையில் அவனைத் தவிர வேறு யாருமில்லை. "எதைடா தொட்டே?" என்றேன். "நான் தொடலை சார்" என்றான். காதைத் திருகினேன். மறுபடியும் "நான் தொடவே இல்லை சார்" என்றான். பொய் வேறு சொல்கிறாயா என்று இன்னும் இரண்டு வைத்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் கணினி அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மாமா வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து, எங்கள் எல்லாரையும்விடக் கணினி தெரிந்த பையன் அவன்.

போன தீபாவளிக்கு மகள் கொடுத்த மடிக்கணினியில் இதுவே மறுபடி நடந்தது. இந்தத் தடவை என் கண் திரையில் இருந்தது. மறைந்த சக ஆசிரியர் ஒருவரின் குடும்பத்துக்கு ஆறுதல் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். எப்போதோ திறக்கச் சொல்லியிருந்த ஒரு நிரல் திடீரென்று முன்னால் வந்து நின்றது. நான் அடித்த பாதி வார்த்தை கடிதத்தில், மீதி அதன் வாயில். என்டர் தட்டியதும் அது எதற்கோ சம்மதம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் மருமகனிடம் சொன்னேன். "மாமா, அதுக்குப் பேரே இருக்கு. ஃபோகஸ் ஸ்டீலிங். இருபது முப்பது வருஷமா இதுக்காகச் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2009இல் நடந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். விண்டோவுக்குச் சாளரம் என்பது கலைச்சொல். நான் ஜன்னல் என்றே எழுதுகிறேன். திரையில் பத்து ஜன்னல் திறந்திருக்கலாம், விசைப்பலகை ஒன்றுதான். தட்டும் எழுத்து அந்தப் பத்தில் ஒன்றுக்குத்தான் போகும். போகிற அந்த ஜன்னலிடம் ஃபோகஸ் இருக்கிறது என்பார்கள். யாரிடம் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது? தட்டுகிறவரா, இயந்திரமா, புதிதாகத் திறந்த நிரலா? மொத்தச் சண்டையும் இதுதான்.

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு பார்க் என்றொரு ஆய்வுக்கூடம் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் ஜன்னல்கள், மவுஸ் எல்லாவற்றையும் சேர்த்து, இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்த இடங்களில் முக்கியமானது அது. லாரி டெஸ்லர் என்பவர் 1973இல் அங்கே சேர்ந்தார். நாம் அன்றாடம் செய்யும் வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற வேலைகளுக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர். 2020இல் காலமானார். அவருக்கு வாழ்நாள் எதிரி ஒன்று உண்டு, அதன் பெயர் மோட். அதாவது, ஒரே விசை ஒரு நிலையில் ஒரு வேலையும் இன்னொரு நிலையில் வேறு வேலையும் செய்வது. காரின் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டவர்.

பார்க்கில் ஒரு கதை சொல்வார்கள். அங்கிருந்த பிராவோ என்ற எழுதும் மென்பொருளில், கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தாராம். முதல் எழுத்து இ, எல்லாவற்றையும் தேர்ந்தெடு. அடுத்தது டி, அழி. அடுத்தது ஐ, இனி வருவதை நுழை. கடைசி எழுத்து டி. முழுக் கட்டுரையும் போய் ஒற்றை 'டி' மட்டும் திரையில் நின்றது. விரல் சரியாகத்தான் அடித்தது, ஆனால் கணினி வேறொரு நிலையில் இருந்துகொண்டு அதைக் கேட்டது. ஃபோகஸ் பறிபோவதும் இதே நோய்தான். நிலை மாறியதே தட்டுகிறவருக்குத் தெரியாது என்பதால் இன்னும் மோசம்.

ஆனால் ஆரம்பத்தில் சாதாரண வீட்டுக் கணினியில் இந்தத் தொல்லை வரவில்லை. 1984 ஜனவரியில் ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷ் வந்தபோது அதன் நினைவகம் 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. சின்னச் சின்ன உதவி நிரல்களை விட்டுவிட்டால், ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். இன்னொன்றைத் திறக்க வேண்டுமென்றால் முதலாவதை மூட வேண்டும். ஆகவே புதிதாகத் திறந்தது முன்னால் வந்து மொத்தத் திரையையும் எடுத்துக்கொள்வது நியாயம். அதைத்தானே நாம் கேட்டோம்? புதிது என்றால் முன்னால் வரும் என்ற பழக்கம் அந்தக் காலத்து நியாயத்தில் பிறந்தது.

பிறகு நிரல்கள் ஒன்றாக ஓடத் தொடங்கின. மேக்கில் 1987இல் மல்டிஃபைண்டர் வந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 1985இல் தொடங்கி, 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 ஆக வீட்டுக்கு வீடு போயிற்று. கீழே பட்டை, அதில் வரிசையாகத் திறந்த நிரல்களின் பெயர்கள். இங்கேதான் கோளாறு நுழைந்தது. நாம் கிளிக் செய்யும் கணம் ஒன்று, அந்த நிரல் வட்டிலிருந்து எழுந்து ஜன்னலைத் திறக்கும் கணம் இன்னொன்று. நடுவில் பத்து விநாடியோ முப்பது விநாடியோ ஆகும். பழைய கணினியில் தேநீர் குடித்துவிட்டு வரலாம். மனிதன் அதுவரை சும்மா இருப்பானா? வேறு வேலைக்குப் போய்விடுவான். நிரலோ 'என்னைக் கூப்பிட்டார், இதோ வந்துவிட்டேன்' என்று முன்னால் குதிக்கும்.

இதற்கான விதையை முன்பே விதைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் 1984இல் எக்ஸ் என்ற ஜன்னல் அமைப்பை உருவாக்கினார்கள். பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். 1987இல் அதன் பதினோராம் பதிப்பு வந்தது. லினக்ஸ் கணினிகளில் பல ஆண்டுகள் ஓடியது அதுதான். ஜன்னல்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எக்ஸ் சட்டம் போடவில்லை. வழிகளை மட்டும் செய்துகொடுத்தது. சுட்டி எந்த ஜன்னல்மேல் இருக்கிறதோ அதற்கே எழுத்து போகட்டும் என்பார் ஒருவர். கிளிக் செய்தால்தான் போக வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் ஃபோகஸ் கேட்கிற ஒவ்வொரு கோரிக்கையிலும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். கடைசியாக ஃபோகஸ் மாறிய நேரத்துக்கு முந்தைய நேரத்தைக் காட்டிக்கொண்டு ஒரு கோரிக்கை வந்தால் எக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. பழைய தேதி போட்ட விடுப்புக் கடிதத்தைத் தலைமையாசிரியர் ஓரமாக வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் பக்கம் 1998 வாக்கில் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முன் எந்த நிரலும் 'என்னை முன்னால் கொண்டுவா' என்று சொன்னால் வந்துவிடலாம். விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 ஆகியவற்றிலிருந்து நிபந்தனைகள் போட்டார்கள். ஏற்கெனவே முன்னால் இருக்கும் நிரலா, அதுவே துவக்கிவிட்ட நிரலா, கடைசியாக மனிதரின் விசையோ கிளிக்கோ வந்து சேர்ந்த நிரலா என்று பார்க்கும். இல்லையென்றால் முன்னால் வர முடியாது, கீழே பட்டையில் அதன் பொத்தான் மின்னும், அவ்வளவுதான். மனிதர் கடைசியாக ஏதாவது செய்ததிலிருந்து இத்தனை நேரம் யாரும் குறுக்கே வரக்கூடாது என்று ஒரு கணக்கும் உண்டு. வழக்கமாக அது 2,00,000 மில்லி விநாடி, அதாவது மூன்று நிமிடம் இருபது விநாடி.

நல்ல சட்டம். ஆனால் சட்டம் வந்ததும் சந்து தேடுகிறவர்களும் வந்தார்கள். தன் நிரல் மட்டும் ரொம்ப முக்கியம் என்று நினைக்காத நிரலாளர் உண்டா? குறுக்கு வழியில் ஃபோகஸைப் பிடுங்கும் வித்தைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்டில் நெடுங்காலமாக வேலை செய்யும் ரேமண்ட் சென் என்பவர் இப்படிப்பட்ட வித்தைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர் அடிக்கடி எழுப்பும் கேள்வி எளிமையானது: இதையே இரண்டு நிரல்கள் செய்தால் என்ன ஆகும்? வகுப்பில் இரண்டு பேர் நான்தான் முதலில் என்று எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா?

2004ஆம் ஆண்டை நான் தனியாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அந்த ஆண்டு இரண்டு விஷயங்கள்.

பிப்ரவரியில் லினக்ஸுக்கான கேடிஇ திரையமைப்பின் 3.2 பதிப்பு வந்தது. அதில் லூபோஷ் லுனாக் என்ற செக் நாட்டு நிரலாளர் ஃபோகஸ் பறிப்பைத் தடுக்கும் முறையைச் சேர்த்தார். முறை இதுதான். மனிதர் ஒரு நிரலைத் திறக்கக் கிளிக் செய்த நேரத்தைக் குறித்துக்கொள். அந்த நிரல் எழுந்து ஜன்னலைத் திறக்கும்போது, மனிதர் இப்போது வேலை செய்யும் ஜன்னலில் கடைசியாக விசை தட்டிய நேரத்தைப் பார். கிளிக்குக்குப் பிறகு எதையும் தொடவில்லை என்றால், அவர் புதியதற்காகத்தான் காத்திருக்கிறார், முன்னால் விடு. கிளிக்குக்குப் பிறகு வேறு ஜன்னலில் தட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் மனம் அங்கே இருக்கிறது. புதியது பின்னால் திறக்கட்டும், கீழே சைகை மட்டும் காட்டட்டும். எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்று ஐந்து படிகளில் நாமே வைத்துக்கொள்ளலாம். குனோம் என்ற மற்றொரு திரையமைப்பும் இதே நேரக் கணக்கை எடுத்துக்கொண்டது.

சுற்றறிக்கையோடு பக்கத்து வகுப்புப் பிள்ளை வாசலில் நிற்குமே, நினைவிருக்கிறதா? "உள்ளே வரலாமா சார்?" என்று கேட்டுவிட்டு, நான் வாக்கியத்தை முடிக்கும்வரை நிற்கும். நேராக உள்ளே வந்து என் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி எழுதத் தொடங்காது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்த இந்த மரியாதையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க ஜன்னல்கள் பிறந்து முப்பது வருடம் ஆகியிருக்கிறது!

அதே ஆண்டின் இரண்டாவது விஷயம் வயிற்றைக் கலக்கியது. ஜெஸ்ஸி ருடர்மன் என்ற இளைஞர், இந்தக் கோளாறை வைத்துத் திருட்டே நடத்தலாம் என்று காட்டினார். ஒரு தளம் உங்களை 'ஒன்லி' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டச் சொல்கிறது. ஓ, என் என்று அடிக்கும்போது, அந்தத் தளம் ஒரு மென்பொருளை நிறுவ முயல்கிறது. 'நிறுவலாமா, ஆம் அல்லது இல்லை' என்ற ஜன்னல் எழுகிறது. நீங்களோ எல், ஒய் என்று முடிக்கிறீர்கள். ஒய் என்றால் 'எஸ்'. ஆம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்! ஃபயர்பாக்ஸ் உலாவியில் நிறுவும் பொத்தான் வந்தவுடன் சற்று நேரம் மங்கலாக, அழுத்த முடியாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவான கணினி என்று நான் நினைத்தேன். இல்லை, கண்ணுக்கு வேலை கொடுத்துவிட்டுப் பிறகு விரலைக் கேட்கிறது.

இந்த இடத்தில் 2009க்குத் திரும்புகிறேன். அந்தக் கணினியில் எந்த அமைப்பு, எந்தக் குறுந்தகடு என்பதெல்லாம் இப்போது வேண்டாம். மருமகனும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக யோசித்தோம். பையன் கிளிக் செய்தான், என் அனுமதியோடு. குறுந்தகடு சுற்றிச் சுற்றி ஒரு நிமிடம் கழித்துத்தான் நிறுவும் ஜன்னல் வந்திருக்கும். அதற்குள் நான் பட்டியலில் நாலைந்து பெயர் அடித்திருப்பேன். ஜன்னல் என் முன்னால் வந்து நின்றது, என் கண் பதிவேட்டில். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு என்டர். 'அடுத்து' என்றது, என்டர். மறுபடி 'அடுத்து', என்டர். 'கணினியை இப்போதே மறுதுவக்கவா?' என்டர். உடனே பட்டியல் மென்பொருள் கடைசியாக ஒருமுறை கெஞ்சியிருக்கும்: 'சேமிக்கட்டுமா?' அந்த நேரம் நான் பதிவேட்டில் எந்த வரியில் இருந்தேன் என்று எனக்கு மறக்கவில்லை. விட்ட இடத்திலிருந்துதானே மறுபடி தொடங்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் 'என்' எழுத்தில் தொடங்கும் பெயர். 'என்' என்றால் 'நோ'.

லுனாக்கின் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரு வினாடியில் தீர்ப்பு வந்திருக்கும். பையனின் கிளிக் பழைய நேரம், என் விசை புதிய நேரம். ஜன்னல் பின்னால்தான் நின்றிருக்க வேண்டும். எனக்கு மட்டும் அப்படி நேரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

இதை வைத்துக்கொண்டு, புதிய ஜன்னல் எதுவும் முன்னால் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதிகக் கண்டிப்பும் தொல்லைதான். என் மனைவி ரயில் டிக்கெட் பார்க்க எதையோ கிளிக் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ஜன்னல் பின்னால் ஒளிந்துகொண்டு திறந்திருக்கும். வரவில்லையே என்று மறுபடி கிளிக், மறுபடி கிளிக். கடைசியில் பார்த்தால் ஒரே நிரல் ஆறு தடவை திறந்திருக்கும். குனோமில் '…தயார்' என்று மேலே ஒரு அறிவிப்பு வருமாம். அதுவே எரிச்சலூட்டுகிறது, நேராக முன்னால் வந்தாலே போதும் என்று அதை நீக்குவதற்குத் தனி நீட்சி எழுதியவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிளிக் செய்துவிட்டுக் காத்திருப்பவரைக் காக்க வைக்கக் கூடாது. வேறு வேலைக்குப் போய்விட்டவரைக் குறுக்கே மறிக்கக் கூடாது. இரண்டு பேரையும் பிரித்தறிய இயந்திரத்துக்கு இருக்கும் சாட்சி நேரம் ஒன்றுதான். இது என் தீர்ப்பு, மருமகன் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. எக்ஸுக்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் அமைப்பில், எந்த நிரலும் தானாக ஃபோகஸை எடுத்துக்கொள்ளவே முடியாது. இப்போது மனிதர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரல் ஒரு டோக்கன் வாங்கிக் கொடுத்தால், புதிய நிரல் அதைக் காட்டி அனுமதி கேட்கலாம். இதற்கான நெறிமுறை 2021இல் வந்தது. 2023இல் வந்த மேக் இயங்குதளத்திலும், முன்னால் இருக்கும் நிரல் விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது முன்னால் வரலாம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். விண்டோஸில் அனுமதியைக் கைமாற்றிக் கொடுக்கும் வழி அதற்கு முன்பே உண்டு. தனித்தனியாகப் போன மூன்று பேரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்: பிடுங்காதே, கையில் வைத்திருப்பவர் கொடுத்தால் வாங்கிக்கொள்.

மடிக்கணினியில் எந்த அமைப்பு இருக்கிறது என்று கேட்டுக் கருத்துப் பெட்டியில் வரிசையாக வருவீர்கள், தெரியும். அதையெல்லாம் மருமகன் பார்த்துக்கொள்வார். எனக்கு உங்களிடமிருந்து வேறொன்று வேண்டும்.

அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதமாட்டேன். 2009இல் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவான். நம் பள்ளிக் குழுவில் அவன் இல்லை. இரண்டு பேரிடம் கேட்டேன், ஊரை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இப்போது முப்பது வயதை நெருங்கியிருப்பான். யாருக்காவது தொடர்பு இருந்தால், அவனைக் கேட்டுக்கொண்டு, அவன் சரி என்றால் மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள். பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். இந்தப் பதிவை மட்டும் அவனிடம் காட்டுங்கள்.

தம்பி, நீ தொடவில்லை. என்டர் தட்டியது நான்தான்.

— உங்கள் சார்